குழந்தையின்மைச் சிகிச்சை: முதலில் யாரைப் பரிசோதிப்பது?

எமது புகலிடச் சஞ்சிகைகளில் பெண்ணுடல் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. கற்பு, சீதனம், சாமத்தியச் சடங்கு, தாலி என்று ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்திருக்கிறோம். பிள்ளை உண்டாகாத உடல் பற்றி எழுதியது குறைவு. அது வைத்தியர்களின் விடயம் என்றோ, இரண்டு குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கவேண்டிய விடயம் என்றோ ஒதுக்கிவிடுகிறோம். நாம் ஒதுக்கிவிட்ட இடத்தில் சாத்திரியாரும், விரதங்களும், பிறந்தநாள் கொண்டாட்டங்களில் ஓரமாகக் கூப்பிட்டு 'விசேசம் ஒண்டும் இல்லையோ?' என்று கேட்கும் மாமிமாரும் வந்து குந்திக்கொள்கிறார்கள்.

பரிஸிலும் அதன் புறநகர்களிலும் உள்ள வைத்தியசாலைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வருபவள் நான். வைத்தியம் படித்தவள் அல்ல. அங்கு கேட்பவை வெளியில் சொல்லப்படக் கூடாதவை. ஆகவே இக்கட்டுரையில் எந்தவொரு குடும்பத்தின் கதையும் இல்லை. பலரிடம் திரும்பத் திரும்பக் கண்டவற்றையும், இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது, பிரெஞ்சுச் சட்டம் யாருக்கு எதை அனுமதிக்கிறது என்பவற்றையும் மட்டுமே எழுதுகிறேன்.

கருத்தடை எதுவுமின்றி, ஒழுங்கான உடலுறவு இருந்தும் 12 மாதங்களுக்குள் கரு உண்டாகாவிட்டால் அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதங்களிலேயே வைத்தியரிடம் போகும்படி சொல்கிறார்கள். 2023 ஏப்ரலில் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி வயதுவந்தோரில் ஏறத்தாழ 17.5 வீதத்தினர், அதாவது ஆறு பேரில் ஒருவர், வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் இதனை எதிர்கொள்கின்றனர். காரணத்தை எடுத்துக்கொண்டால், உத்தேசமாக மூன்றிலொரு பங்கு பெண்ணின் உடலிலும், மூன்றிலொரு பங்கு ஆணின் உடலிலும் இருக்கிறது. எஞ்சியது இருவரிடமும் சேர்ந்து இருக்கிறது, அல்லது கண்டுபிடிக்க முடியாமல் போகிறது.

இந்தக் கணக்கு எம்மவரிடையே வேறுவிதமாக இருக்கிறது. 'மலடன்' என்ற சொல் அகராதியில் உண்டு, வாயில் இல்லை. 'மலடி' என்பதற்கோ அகராதியே தேவையில்லை.

முதற் சந்திப்புக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவதில்லை. கணவருக்கு ரெஸ்ரோறன்ட் பிரெஞ்சு தெரியும், அவரே மொழிபெயர்க்கிறார். மூன்றாவது, நான்காவது சந்திப்பில் நான் போய் அமரும்போது வைத்தியர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, 'எட்டு மாதங்களுக்கு முன்பே ஸ்பெர்மோகிராம் எழுதிக் கொடுத்தேனே, முடிவு எங்கே?' என்று கேட்பார். கணவர் நிலத்தைப் பார்ப்பார். மனைவி என்னைப் பார்ப்பார். 'அது என்னக்கா?' அந்தச் சொல் அவரது காதில் விழுவது அன்றுதான் முதற்தடவை. அந்த எட்டு மாதங்களுக்குள் அவருக்கு இரத்தப் பரிசோதனை ஐந்தாறு முறை நடந்திருக்கும். கருப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள், அது நோகும். கந்தசஷ்டிக்கு ஆறு நாட்கள் மிளகும் தண்ணீரும் மட்டும் எடுத்து விரதம் இருந்திருப்பார். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பதை 'சஷ்டியில் இருந்தால் அகப் பையில் வரும்' என்று யாரோ விளங்கப்படுத்தியிருப்பார்கள். அகப் பை அவருடையதுதானே, ஆகவே விரதமும் அவருடையது. ஒரு வீட்டில் நடந்ததல்ல இது. ஒழுங்காகவே நடக்கிறது.

ஸ்பெர்மோகிராம் என்பது விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஐந்து நாட்கள் உறவைத் தவிர்த்து, ஆய்வுகூடத்தில் உள்ள ஒரு தனியறையில் சுயஇன்பத்தின் மூலம் விந்தை ஒரு சிறு குப்பியில் எடுத்துக் கொடுக்கவேண்டும். ஊசியில்லை, நோவில்லை, மயக்கமருந்தில்லை. குழந்தையின்மைக்காகச் செய்யப்படும் பரிசோதனைகளில் மிக இலகுவானது இதுவே. முடிவை எவ்வாறு வாசிப்பது? உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழெல்லைகள் இவை: அளவு 1.4 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள், அவற்றில் முன்னோக்கி நீந்துபவை 30 வீதம், சரியான வடிவமுள்ளவை 4 வீதம். 100க்கு 4 தானா என்று பயப்படுகிறார்கள். ஆரோக்கியமான ஆண்களிலும் பெரும்பான்மையான அணுக்கள் வடிவம் பிசகியவைதான். இந்த எண்கள் சித்தி, சித்தியின்மை என்ற பரீட்சைப் புள்ளிகளுமல்ல. ஒரு வருடத்துக்குள் தகப்பனான ஆண்களை எடுத்து, அவர்களில் மிகக் குறைந்த நிலையிலிருந்த 5 வீதத்தினரின் எல்லையையே கோடாகக் கிழித்திருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழேயிருந்தும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பது அதன் அர்த்தம். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 72 நாட்கள் செல்லும். அதனால் முதல் முடிவு சரியில்லையென்றால் மூன்று மாதங்களின் பின் மறுபடியும் எடுக்கிறார்கள். இடையில் வந்த கடுங்காய்ச்சல்கூட முடிவை மாற்றிவிடும்.

இந்த இடத்தில் எமது ஆண்களின் தொழில் பற்றி ஒரு வார்த்தை. விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம், விந்து உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த வெப்பநிலை தேவை என்பதே. எம்மவரில் எத்தனை பேர் ரெஸ்ரோறன்ட் குசினிகளில் அடுப்புக்கும் போறணைக்கும் முன்னால் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொழிலிடத்து வெப்பம் விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அறியப்பட்ட விடயம். சிகரெட், மதுவும் அவ்வாறே. விதைப்பையில் நாளங்கள் புடைத்திருப்பது, அதாவது வரிக்கோசீல், ஒரு சிறு சத்திரசிகிச்சையால் சரிசெய்யக்கூடியது. இளைஞர்களுக்கு இன்னொன்று: ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் ரெஸ்ரொஸ்ரெரோன் ஊசி விந்து உற்பத்தியை நிறுத்திவிடக் கூடியது. ஆண்மை கூடும் என்று நினைத்துப் போடும் மருந்து செய்யும் வேலை அது. இவற்றையெல்லாம் வைத்தியர் கேட்கவேண்டுமென்றால் ஆண் முதலில் வைத்தியரின் முன்னால் வந்து அமரவேண்டும்.

பெண்ணிடம் செய்யப்படும் பரிசோதனைகள் பலருக்கும் தெரிந்தவையே. மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஹோர்மோன்களின் அளவு, சூலகத்தில் எஞ்சியுள்ள முட்டைகளை மதிப்பிடும் ஏ.எம்.எச். பரிசோதனை, ஸ்கான், கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கும் சாய எக்ஸ்ரே. எமது பிராந்தியப் பெண்களிடம் இரண்டு விடயங்களைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். ஒன்று, பி.சி.ஓ.எஸ். எனப்படும் பல்நீர்க்கட்டிச் சூலகம். தெற்காசியப் பெண்களிடம் இது அதிகம், இளவயதிலேயே தலைகாட்டுகிறது. மாதவிடாய் இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருவது 'உடம்பு வாகு' அல்ல, முட்டை ஒழுங்காக வெளியேறவில்லை என்பதன் அறிகுறி. இதற்குப் பெரும்பாலும் குளிசையே போதும். இரண்டாவது, காசநோய். நெஞ்சில் இருமலாக வராமல், எந்த நோவும் காட்டாமல், கருக்குழாய்களில் குடியேறி அவற்றை அடைத்துவிடும் காசநோய் உண்டு. இங்குள்ள வைத்தியர்கள் அதனை அடிக்கடி காண்பதில்லை. ஊரிலோ முகாமிலோ வீட்டில் எவருக்காவது காசநோய் இருந்திருந்தால் கேட்காமலேயே சொல்லவேண்டும்.

நோயே இல்லாத ஒரு காரணமும் இருக்கிறது. ஒரு மாதத்தில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஆறு. முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை உறுதிசெய்தது. கணவர் குசினி கழுவிவிட்டு இரவு ஒரு மணிக்கு வீடு வருகிறார். மனைவி அலுவலகங்கள் திறக்குமுன் துப்புரவு செய்வதற்காக விடிய நாலரைக்கு முதல் மெத்றோவுக்கு ஓடுகிறாள். லீவு நாளும் வேறு வேறு. இந்த வீட்டில் அந்த ஆறு நாட்கள் எப்போது வருகின்றன? 'ஒழுங்கான உறவு உண்டா?' என்று வைத்தியர் கேட்டால் இருவரும் 'ஓம்' என்பார்கள். வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டால் மௌனம். இந்த மௌனத்தையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சை படிப்படியாக ஏறும். முதலில் முட்டையை வெளியேற்றும் குளிசைகள் அல்லது ஊசிகள். அடுத்து விந்தைக் கழுவித் தெரிந்தெடுத்து, உரிய நாளில் நேராகக் கருப்பைக்குள் செலுத்துதல். இதற்குக் கருக்குழாய் திறந்திருக்கவேண்டும், விந்தும் ஓரளவு நன்றாக இருக்கவேண்டும். அதற்கும் மேலே, பிரெஞ்சில் 'பிவ்' என்றும் ஆங்கிலத்தில் ஐ.வி.எவ். என்றும் சொல்லப்படும், நாம் ரெஸ்ற்ரியூப் பேபி என்று சொல்லிப் பழகிய முறை. பத்துப் பன்னிரண்டு நாட்கள் தினமும் வயிற்றில் ஊசி. இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை காலையில் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும். முட்டைகள் முதிர்ந்ததும் குறித்த மணிக்குக் கடைசி ஊசி, அதிலிருந்து ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் யோனிவழியாக ஊசி செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுத்தல். ஆய்வுகூடத்தில் விந்துடன் சேர்த்து, உருவாகும் கருக்களை இரண்டு முதல் ஐந்து நாட்கள் வளர்த்து, ஒன்றைக் கருப்பையில் வைக்கிறார்கள். எஞ்சியவற்றை உறைநிலையில் பேணுகிறார்கள். ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின் இரத்தப் பரிசோதனை. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் சூலகம் இந்த ஊசிகளுக்கு அளவுக்கதிகமாகப் பொங்கிவிடலாம். வயிறு ஊதி மூச்சுவிடக் கடினமானால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும், பொறுத்துப் பார்க்கக்கூடாது.

இந்த முறையில் பிறந்த முதற் குழந்தை 1978 யூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டமில் பிறந்தது என்பதும், அதற்காக றொபேட் எட்வேர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதும் எல்லோரும் அறிந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, சரியாகப் பத்து வாரங்களின் பின், கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி என்ற வைத்தியர் ஒரு பெண்குழந்தையை உலகுக்குக் கொண்டுவந்தார். மேற்கு வங்க அரசு நியமித்த குழு அவரைப் பொய்யர் என்றது. 1981 யூன் 19இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986இல் பம்பாயில் பிறந்த குழந்தையை வைத்து 'இந்தியாவின் முதல்' என்ற பெயரைப் பெற்ற விஞ்ஞானிகளில் ஒருவரான ஆனந்தகுமாரே 1997இல் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்து, முதல்வர் அவரே என்று எழுதினார். பிரான்சில் முதற்குழந்தை 1982 பெப்ரவரி 24இல் கிளமாரில் பிறந்தது. அந்தச் சாதனையில் பங்கெடுத்த ஜாக் ரெஸ்தார் என்ற உயிரியலாளர், நான்கு ஆண்டுகளின் பின், கருக்களைத் தரம்பிரித்துத் தெரிந்தெடுக்கும் காலம் வருகிறது என்று எச்சரித்துத் தனது ஆய்வின் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டார். அவருடைய அச்சத்துக்குப் பின்னர் வருகிறேன்.

விந்தணு மிகக் குறைவாக இருந்தால், ஒரேயொரு அணுவை நுண்ணூசியால் எடுத்து முட்டைக்குள் நேராகச் செலுத்தும் 'இக்சி' முறை பிரசல்ஸில் உருவாக்கப்பட்டது. அம்முறையிலான முதற் குழந்தைகள் 1992இல் பிறந்தன. அதற்குமுன் பிள்ளைபெற வழியே இல்லாதிருந்த பல ஆண்கள் இதனால் தகப்பன்மாராகியிருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். குறை ஆணின் விந்தில். ஊசிகள் பெண்ணின் வயிற்றில். பொங்கும் சூலகம், மயக்கமருந்து, வேலைக்கு லீவு, தோல்வியில் இரத்தப்போக்கு, எல்லாம் பெண்ணுக்கு. ஆண் கொடுப்பது மறுபடியும் ஒரு குப்பி. இது வைத்தியத்தின் தவறல்ல, முட்டை அவளிடம் இருப்பதால் வந்தது. ஆனால் அக்கம்பக்கம் என்ன காண்கிறது? வைத்தியசாலைக்கு அலைபவள் அவள், ஆகவே குறை அவளிடம். கணவர்களில் பலர் இதைத் திருத்துவதில்லை. தன் தாய் தொலைபேசியில் மருமகளைப் பேசும்போது 'அம்மா, பிரச்சினை என்னிலைதான்' என்று சொன்ன ஒருவரைப் பற்றி அவருடைய மனைவியே எனக்குச் சொன்னார். பத்து வருடத் தாம்பத்தியத்தில் தனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்றார்.

செலவுக்கு வருவோம். பிரெஞ்சுச் சமூகக் காப்புறுதி, முன்னனுமதி பெற்ற சிகிச்சைக்கு முழுமையாகக் கொடுக்கிறது: கருப்பைக்குள் செலுத்துதல் ஆறு தடவை, ஐ.வி.எவ். நான்கு தடவை, பெண்ணின் 43ஆவது பிறந்தநாள் வரை. பிள்ளை பிறந்தால் அடுத்த பிள்ளைக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். திருமணம் செய்திருக்கவேண்டிய அவசியமில்லை. 2016 முதல், சிகிச்சைக்காக வேலையிலிருந்து போய்வரப் பெண்ணுக்குச் சம்பளத்துடன் அனுமதி உண்டு. கறுப்பில் வேலை செய்பவருக்கு இந்த உரிமை ஏட்டில்கூட இல்லை. விசா இல்லாதவர்களுக்கான அரச மருத்துவ உதவியான ஏ.எம்.ஈ. அட்டையில் பிரசவத்துக்குக் கொடுப்பார்கள், கருத்தரிக்கும் சிகிச்சைக்குக் கொடுக்கமாட்டார்கள். பத்திரமில்லாதவள் பிள்ளை பெறலாம், பிள்ளை பெற உதவி கேட்கக்கூடாது என்பதே அதன் பொருள்.

43 என்ற எண் அகதிக்கு மிகக் கொடூரமானது. பெண்குழந்தை பத்து முதல் இருபது இலட்சம் முட்டைகளுடன் பிறக்கிறது. பெரியபிள்ளையாகும்போது மூன்று நான்கு இலட்சம் எஞ்சும். புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை, 35க்குப் பின் எண்ணிக்கையும் தரமும் வேகமாக விழுகின்றன. பிரித்தானியாவின் மேற்பார்வை நிறுவனம் அண்மைய ஆண்டுகளில் வெளியிட்ட புள்ளிவிபரங்களில், 35க்குக் குறைந்த பெண்களுக்கு வைக்கப்படும் கருக்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று பிள்ளையாகிறது. 43, 44 வயதில் சொந்த முட்டையென்றால் இருபதில் ஒன்று. ஐ.வி.எவ். வயதை வெல்லும் என்பது எம்மவரிடையே பரவலாக உள்ள தப்பெண்ணம்.

இப்போது எமது நாட்காட்டியைப் பாருங்கள். ஏஜென்சிக்காரனுடன் ஆபிரிக்காவில் எட்டு மாதம். அகதி விண்ணப்பம், நிராகரிப்பு, மேன்முறையீடு. விண்ணப்பத்துக்கு முன் நடந்த திருமணமென்றால் மனைவியைக் கூப்பிட ஒரு வழி. பின்னர் நடந்ததென்றால் வேறு வழி: 18 மாத வதிவு, நிலையான சம்பளம், வீட்டின் சதுர மீற்றர். தங்கைமாருக்குச் சீதனம் கட்டி முடித்துத்தான் திருமணம் என்பவர்களும் உண்டு. பெண் விமானத்தால் இறங்கும்போது 36, 37. பின்னர் ஒரு வருடம் 'கடவுள் விட்ட வழி'. ஒரு வருடம் ஸ்பெர்மோகிராம் தாள் லாச்சிக்குள். முதலாவது ஐ.வி.எவ். நடக்கும்போது 40. யுத்தமும் விசா அலுவலகமும் எடுத்த வருடங்களைத் திருப்பித்தர யாராலும் முடியாது. லாச்சிக்குள் போன அந்த ஒரு வருடம் எங்களுடையது.

விந்தணுவே இல்லை என்று முடிவு வந்தால்? விதையிலிருந்து நேரடியாக அணுவைத் தேடி எடுக்கும் சத்திரசிகிச்சை உண்டு. அதுவும் பலிக்காவிட்டால் எஞ்சுவது மற்றொருவரின் விந்து. பிரான்சில் இதற்கான 'செக்கோஸ்' விந்து வங்கிகள் 1973 முதல் இயங்குகின்றன. தானம் இலவசம், தெரிந்தவரிடம் பெறமுடியாது, தானம் செய்பவரைத் தெரிந்தெடுக்கவும் முடியாது. தம்பதியர் நோத்தேர் முன்னிலையில் சம்மதம் கையெழுத்திடவேண்டும். அதன்பின் 'இது என் பிள்ளையல்ல' என்று கணவர் வழக்குப்போட வழியில்லை. 2021 ஓகஸ்ட் 2ஆம் திகதிய சட்டத்தின் பின், 2022 செப்ரெம்பர் முதல், தானம் செய்பவர் தன் அடையாளத்தை வெளியிடச் சம்மதித்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். பிள்ளை 18 வயதில் விரும்பினால் அதனைக் கேட்டுப் பெறலாம். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லும்படி பெற்றோரைச் சட்டம் ஊக்குவிக்கிறது. எம்மவரோ 'சொல்லாமலே வளர்த்துவிடுவோம்' என்றுதான் தொடங்குகிறார்கள். மரபணுப் பரிசோதனையை எச்சிலில் செய்துபார்க்கும் காலத்தில் அந்த இரகசியம் எத்தனை வருடம் நிற்கும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

'எங்கடை ஆக்கள்தானோ எண்டு கேட்டுச் சொல்லுவியளோ?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பேன். பிரெஞ்சு வைத்தியர், அது இலங்கையரா என்ற கேள்வி என்று விளங்கிக்கொண்டு, தோல்நிறம், கண், தலைமயிர் ஆகியவற்றை இயன்றவரை பொருத்துவோம், ஆனால் தெற்காசியத் தானமாளர்கள் மிகக் குறைவு, காத்திருக்க வேண்டிவரும் என்பார். கேட்டவருக்கும் எனக்கும் தெரியும், கேட்கப்பட்டது நாடு அல்ல. யாழ்ப்பாணத்தில் 'எங்கடை ஆக்கள்' என்றால் என்னவென்று இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ரெஸ்தார் பயந்தது ஆய்வுகூடம் கருக்களைத் தரம்பிரிக்கும் என்று. நாங்கள் ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்பே தரம்பிரித்து முடித்துவிட்டோம். காத்திருப்புக்கும் இதுவே ஒரு காரணம்: தானம் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், தானம் செய்ய எம்மவர் வருவதில்லை.

சிலர், தம்பியின் விந்தென்றால் சம்மதம் என்பார்கள். இரத்தம் மாறாதாம். சட்டம் இதற்கு இடங்கொடுக்காது. ஆனால் எமக்கு இது புதிதா? மகாபாரதத்தில் விசித்திரவீரியன் பிள்ளையின்றி இறக்கிறான், வியாசரை அழைத்து வம்சத்தை வளர்க்கிறார்கள். பாண்டுவின் ஐந்து பிள்ளைகளில் ஒன்றுகூடப் பாண்டுவுக்குப் பிறந்ததில்லை. கோயில் மண்டபங்களில் கேட்டு வளர்ந்த வம்சக்கதை முழுவதும் மற்றொருவரின் விந்தால் வளர்ந்ததுதான். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அம்பிகை கண்ணை மூடியதால் பிள்ளை குருடு, அம்பாலிகை வெளிறியதால் பிள்ளை வெளிறியது. சம்மதம் கேட்கப்படாத பெண்கள் பயந்ததற்கும் பழி அவர்கள் மேலேயே போடப்பட்டிருக்கிறது.

பெண்ணின் முட்டை முடிந்துவிட்டதென்றால் தானமுட்டை. பிரான்சில் அதற்கும் பணம் கொடுப்பதில்லை, காத்திருப்பு நீளம். வசதியுள்ளவர்கள் ஸ்பெயினுக்குப் போகிறார்கள். எம்மவர்கள் சென்னைக்கும் போகிறார்கள்: மொழி உண்டு, நிறம் பொருந்தும், உடனே நடக்கும். அங்கு போவதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் முட்டை யாரிடமிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்டேயாகவேண்டும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியிடம், பொய்யான வயதுப் பத்திரத்தைக் காட்டி, பலதடவை முட்டை எடுத்து விற்ற விவகாரம் அம்பலமானது. கைதானவர்களில் அவளுடைய தாயும் ஒருத்தி. இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், தானம் செய்பவளுக்கு 23 வயது நிரம்பியிருக்கவேண்டும், வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் கொடுக்கலாம் என்கிறது. பணம் கட்டுமுன் வைத்தியசாலை அச்சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்பட்டதா என்று பார்க்கவேண்டும். வாடகைத்தாய் பிரான்சில் 1994 முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இந்தியா 2015இல் வெளிநாட்டவருக்கு அதை மூடியது, 2021 சட்டத்தில் பணத்துக்கான வாடகைத்தாய் முறையையே நிறுத்தியது.

2021இன் பிரெஞ்சுச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்தது. பெண் தம்பதியரும், தனித்து வாழும் பெண்ணும் இச்சிகிச்சையைப் பெறலாம், செலவைக் காப்புறுதி கொடுக்கும். நோய் எதுவுமில்லாத பெண்ணும் 29 வயதிலிருந்து 37ஆவது பிறந்தநாள் வரை தன் முட்டைகளை எடுத்து உறைநிலையில் வைக்கலாம். எடுக்கும் செலவு காப்புறுதிக்கு, வருடாந்தப் பேணற் கட்டணம் அவளுக்கு. இதனை எம்மவர் எவரும் பேசக் காணவில்லை. சகோதரங்களுக்காக உழைத்து, 'உனக்கும் ஒருவரைப் பார்ப்போம்' என்று கேட்டுக் கேட்டே 34, 35 ஆகிவிட்ட அக்காமார் லா சப்பலில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்கள் பிள்ளை பெறவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. 'இனம் பெருகவேண்டும்' என்று மேடைகளில் கருப்பைக்குக் கட்டளையிடுபவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. விரும்பினால் வழி உண்டு, அதற்கொரு கடைசித் திகதியும் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை என்பதே எனது கவலை.

நடைமுறைக்கு உதவியாக ஒன்று. வைத்தியசாலைகள் பலவற்றில் நேரிலோ தொலைபேசியூடாகவோ தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்குசெய்வார்கள். ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். அதனை முதற் சந்திப்புக்கு நேரம் எடுக்கும்போதே கேட்கவேண்டும். கணவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தாலும் கேட்கலாம். போகும்போது இருவரும் போகவேண்டும். இருவரின் பெயரிலும் எழுதித்தந்த பரிசோதனைத் தாள்களை வெளியே வந்ததும் விரித்து, எது யாருடையது என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேளுங்கள். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.